கையில் போன கட்டைவிரலுக்குக் கால்விரல்: காயம் முதல் கைப்பிடி வரை முழு வழிகாட்டி

மர அறுவை மில், கரும்பு ஜூஸ் மெஷின், கதிரடிக்கும் மெஷின், பட்டாசு. காரைக்குடி வட்டாரத்தில் கட்டைவிரலை இழந்து வருகிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள். கால்விரலை எடுத்துக் கையில் வைக்கும் ஆபரேஷன் பெரிய ஊர்களில் நடக்கிறது. அதற்கு முந்தைய மாதங்களும் பிந்தைய மாதங்களும் தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் அவரவர் வீட்டில்தான் கழிகின்றன. கைக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டாக நான் பார்ப்பது அந்த மாதங்களைத்தான். தடுமாறுகிறவர்களில் பலர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்கிறார்கள். வரிசையை மாற்றிச் செய்துவிடுகிறார்கள். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இதில் வரும் வாரக் கணக்குகள் பொதுவானவை. உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டர் வேறு கணக்கு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

1. விரல் துண்டு கிடைத்தால் முதலில் அதைக் காப்பாற்றுங்கள்

சொந்த விரலையே திரும்ப ஒட்ட முடிந்தால் அதற்கு இணை எதுவும் இல்லை. கால்விரல் யோசனை அதற்கு அப்புறம்தான்.

துண்டில் மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் பட்டால் திசு உறைந்து செத்துவிடும். அதனால்தான் நடுவில் துணியும் பையும். கையில் உள்ள காயத்தைச் சுத்தத் துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடியுங்கள். மஞ்சள்தூள், காபித்தூள் எதையும் அப்ப வேண்டாம். டாக்டர் அதைச் சுரண்டி எடுப்பதிலேயே நல்ல திசுவும் போய்விடும்.

விரலில் தசை இல்லாததால் அது கொஞ்ச நேரம் தாங்கும். குளிர்ச்சியாக வைத்தால் ஏறத்தாழ 24 மணி நேரம், இல்லாவிட்டால் 12 மணி நேரம் வரை ஒட்டிப் பார்க்க வாய்ப்பு உண்டு. காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் சுமார் 90 கிலோமீட்டர்தான். நுண் அறுவை (நுண்நோக்கி வழியே பார்த்து மெல்லிய ரத்தக் குழாயையும் நரம்பையும் தைப்பது) செய்யும் மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லிவிட்டுக் கிளம்பினால் நேரம் போதும். விரல் நசுங்கியிருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள். ஒட்ட முடியாமல் போனாலும் அதன் தோலோ எலும்போ நரம்போ பயன்படலாம்.

வேலையிடத்து விபத்து என்றால் மருத்துவமனையில் விபத்துப் பதிவு போடச் சொல்லிக் கேளுங்கள். இழப்பீடு, ஈ.எஸ்.ஐ. எல்லாவற்றுக்கும் பிற்பாடு அந்தத் தாள்தான் கேட்பார்கள்.

2. எந்த மட்டத்தில் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கையின் வேலையில் சுமார் 40 சதவீதம் கட்டைவிரலுடையது என்பது கை மருத்துவத்தில் வழக்கமான கணக்கு. ஆனால் கட்டைவிரல் கொஞ்சம் குறைந்துபோன எல்லோருக்கும் கால்விரல் தேவைப்படாது.

நகமும் நுனியும் மட்டும் போய், நுனி மூட்டு வரை விரல் மிச்சம் இருந்தால் பெரும்பாலான வேலைகள் நடக்கும். தோலை மூடி, நுனியை மெத்தென்று ஆக்கினாலே போதும். அதற்குக் கீழே, முதல் எலும்பின் நடுவிலோ உள்ளங்கையோடு சேரும் மூட்டிலோ போயிருந்தால்தான் கால்விரல் மாற்று அதிகமாகப் பலன் தரும்.

இன்னும் கீழே, மணிக்கட்டை ஒட்டிய அடிமூட்டும் போய்விட்டால் கதை மாறுகிறது. கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவருவது அந்த அடிமூட்டும், உள்ளங்கை மேட்டில் இருக்கும் சிறு தசைகளும்தான். அவை இல்லாத இடத்தில் கால்விரலை நட்டால் அது நின்றபடியே இருக்கும், எதையும் பிடிக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு ஆள்காட்டி விரலையே நகர்த்திக் கட்டைவிரலாக மாற்றுவதை டாக்டர்கள் பரிசீலிப்பார்கள். எலும்பை மெல்ல இழுத்து நீட்டுவது, விரலிடுக்கை ஆழமாக்கி மிச்சமுள்ள அடிவிரலை நீளமாகக் காட்டுவது என்று வேறு வழிகளும் உண்டு.

எனவே முதல் கேள்வி, "கால்விரல் வைக்க முடியுமா?" என்பதாக இருக்க வேண்டாம். "என் அடிமூட்டும் உள்ளங்கைத் தசையும் நன்றாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். மிச்சத்தை அந்தப் பதிலே சொல்லிவிடும்.

3. யாரிடம் காட்டுவது, என்ன எடுத்துச் செல்வது

கை அறுவையிலும் நுண் அறுவையிலும் தொடர்ந்து வேலை செய்யும் இடம் வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையும் வேலூர் சி.எம்.சி.யும் கை அறுவைக்குப் பெயர் பெற்றவை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை உண்டு. நம் பக்கத்து ஆட்கள் முதலில் அங்கே காட்டி, தேவைப்பட்டால் கடிதம் வாங்கிக்கொண்டு மேலே போகலாம்.

கையின் பழைய எக்ஸ்ரே, முதல் ஆபரேஷன் குறிப்பு, மருந்துச் சீட்டு, சர்க்கரை பரிசோதனை முடிவு ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வையுங்கள். முதல் ஆபரேஷன் குறிப்பு முக்கியம். எந்த ரத்தக் குழாய் கட்டப்பட்டது, எந்த நரம்பு எங்கே விடப்பட்டது என்பது அதில்தான் இருக்கும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், இந்த ஆபரேஷன் அந்த மருத்துவமனையில் அதில் வருகிறதா என்று தேதி குறிக்கும் முன்பே காப்பீட்டு மேசையில் கேளுங்கள். அனுமதி வாங்க நாளாகும். படுக்கையில் சேர்ந்த பிறகு ஓடினால் தேதி தள்ளிப் போகும்.

4. கை தயாரான பிறகுதான் கால்விரல்

புதியவர்கள் அதிகம் அவசரப்படுவது இங்கேதான். "புண் ஆறிருச்சு, உடனே வச்சிரலாமே சார்?" என்பார்கள். புண் ஆறுவது வேறு, கை தயாராவது வேறு.

முதலில் தோல். கால்விரலோடு வரும் தோல் அளவானது. கையில் தோல் குறைவாக இருந்தால் காலிலிருந்து கூடுதலாக எடுக்க வேண்டிவரும். அப்போது கால் புண் மூடாமல் இழுத்தடிக்கும். அதனால் தோல் பற்றாத கைக்கு டாக்டர்கள் முதலில் வேறு இடத்துத் தோலைக் கொண்டுவருவார்கள். ஒரு பழைய, நம்பகமான முறை இருக்கிறது: தொடை இடுக்குக்கு மேலே உள்ள தோலை ஒரு பக்கம் ஒட்டியபடியே தூக்கி, கையை அங்கே தைத்து வைப்பார்கள். சுமார் மூன்று வாரத்தில் கையிலிருந்தே அந்தத் தோலுக்கு ரத்தம் ஓடத் தொடங்கியதும் வெட்டிப் பிரிப்பார்கள். அந்த மூன்று வாரமும் கை இடுப்போடு இருக்கும் என்பதால் குளிக்க, உடுத்த, சாப்பிட வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அறுவடைக் காலத்திலோ வீட்டுக் கல்யாணத்தை ஒட்டியோ தேதி வாங்காதீர்கள்.

இரண்டாவது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள இடுக்கு. காயத்துக்குப் பின் இது சுருங்கிவிடும். இடுக்கு சுருங்கிய கையில் புதிய விரல் வந்தால் அது ஆள்காட்டி விரலோடு ஒட்டியே நிற்கும். டம்ளரைக்கூடச் சுற்றிப் பிடிக்க முடியாது. இரவில் இடுக்கை விரித்து வைக்கும் ஸ்பிளின்ட் (கையை ஒரே நிலையில் தாங்கிப் பிடிக்கும் கட்டு) போட்டால் பலருக்கு இதைத் தடுக்கலாம்.

மூன்றாவது, மற்ற நான்கு விரல்கள். கட்டைவிரல் என்பது எதிரே இன்னொரு விரல் வந்தால்தான் வேலை செய்யும். அந்த விரல்கள் விறைத்துப்போயிருந்தால் புதிய விரல் யாரைச் சந்திக்கும்? காத்திருக்கும் மாதங்களில் தினமும் விரல்களை முழுதாக மடக்கி நீட்டுங்கள்.

இன்னொன்றும் இதே மாதங்களில் கவனிக்க வேண்டும். கட்டைவிரல் இல்லாத கை சும்மா இருக்காது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கத்தரி போலச் சேர்ந்து பொருளைப் பிடிக்கப் பழகிவிடும். பழக்கம் ஊறிவிட்டால் புதிய கட்டைவிரல் வந்த பிறகும் கை பழைய வழியிலேயே போகும். அந்தப் பிடியைக் கூடிய வரை தவிர்த்து, பொருளை உள்ளங்கையோடு அணைத்துப் பிடிக்கப் பழகுங்கள்.

5. எந்தக் கால்விரல்?

இதுதான் வீட்டில் அதிகம் பேசப்படும் விஷயம். பேச வேண்டிய விஷயமும்தான். பெரும்பாலும் கால் பெருவிரல் அல்லது அதற்கு அடுத்த இரண்டாம் விரல், இரண்டில் ஒன்று.

பெருவிரலுக்குக் கை கட்டைவிரல் மாதிரியே இரண்டு எலும்புத் துண்டுகள், அகலமான நகம், தடித்த நுனி. பிடியில் பலம் அதிகம். கட்டைவிரலைவிட அகலமானது என்பதால் பக்கவாட்டில் செதுக்கிச் சிறிதாக்கி வைப்பதும் உண்டு. பெருவிரலின் நகத்தையும் தோலையும் மட்டும் உறையாகச் சுற்றி எடுத்து வைக்கும் முறையும் உண்டு. மர வேலை, கட்டட வேலை, லேத் வேலை செய்கிறவர்களுக்குப் பெருவிரலின் பலம் கைகொடுக்கும்.

இரண்டாம் விரல் ஒல்லியானது. மூன்று துண்டு எலும்பு. கழுத்துப் பக்கம் சிறுத்து நுனி உருண்டு தெரியும். உள்ளே மடங்கிக்கொள்ளும் குணமும் உண்டு. பலம் குறைவு. ஆனால் காலுக்கு இழப்பு குறைவு. பெருவிரலையும் மூன்றாம் விரலையும் நெருக்கித் தைத்துவிட்டால் நான்கு விரல் என்பதே சட்டென்று கண்ணில் படாது.

நடைக்கு என்ன ஆகும்? "கால் விரல எடுத்துட்டா நான் நடக்க முடியுமா?" என்று கேட்காதவர் இல்லை. நடக்கலாம். பெருவிரலை எடுக்கும்போதும் பாதத்தின் முன்பந்து (விரல்களுக்குச் சற்றுப் பின்னால் தடித்திருக்கும் பகுதி) எலும்பை விட்டுவைப்பார்கள். முதல் விரல் எலும்பின் அடித்துண்டையும் கொஞ்சம் விடுவதுண்டு. நடக்கையில் நிலத்தை உந்தும் பாரம் அந்த முன்பந்தில்தான் விழுகிறது. சாதாரண நடையில் பெரிய வித்தியாசம் தெரியாது. வேகமாக ஓடும்போதும், ஏணியில் ஏறும்போதும், வரப்பில் வெறுங்காலில் நடக்கும்போதும் தெரியலாம்.

ஆஸ்பத்திரியில் யாரும் கேட்காத, ஆனால் நம் ஊரில் கட்டாயம் யோசிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள்.

ஒன்று, செருப்பு. நாம் போடும் ரப்பர் செருப்பின் வார் பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவில்தான் நிற்கிறது. பெருவிரல் போனால் அந்தச் செருப்பு காலில் தங்காது. இரண்டாம் விரல் போனால் வார் நிற்க வேண்டிய இடத்தில் தழும்பு இருக்கும். அது பழகும் வரை உரசும். எந்த விரலானாலும் குதிகாலில் வார் வைத்த சாண்டலுக்கு மாறத் தயாராக இருங்கள்.

இன்னொன்று, மெட்டி. கல்யாணமான பெண்கள் மெட்டி போடுவது இரண்டாம் விரலில். மாமியார், ஆச்சி என்று வீட்டில் பெரியவர்கள் மனம் சங்கடப்படுவதைப் பார்த்திருக்கிறேன். பெண்ணே வாய்விட்டுச் சொல்லாமல் ஆபரேஷனையே தள்ளிப் போடுவதையும் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒரு காலில் மட்டும்தான் விரல் எடுக்கப்படுகிறது. அந்தக் காலில் புண் நன்றாக ஆறியபின் அடுத்த விரலில் மெட்டி போட்டுக்கொள்ளலாம். என் கருத்தைக் கேட்டால், கைக்கு எது தேவை என்பதே முதலில் நிற்க வேண்டும். இரண்டு விரலும் சமமாகப் பொருந்தும் என்று டாக்டர் சொன்னால் மட்டும் மெட்டியைக் கணக்கில் சேருங்கள்.

கடைசி முடிவைப் பல நேரம் ரத்தக் குழாய்தான் எடுக்கும். பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் ரத்தம் தரும் குழாய் சிலருக்குப் பாதத்தின் மேல்பக்கமாகவும் சிலருக்கு அடிப்பக்கமாகவும் ஓடும். ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் கருவியாலும், தேவைப்பட்டால் சாயம் செலுத்திப் படம் எடுத்தும் பார்ப்பார்கள். கையின் குழாய்களுக்கும் இதே பரிசோதனை உண்டு, ஏனென்றால் மெஷினில் இழுபட்ட கையில் குழாய் வெட்டுப்பட்ட இடத்துக்கு மேலேயும் சேதமாகியிருக்கலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் இந்த ஆபரேஷன் பொருந்தாமல் போகலாம். மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

6. தேதி குறித்ததும் வீட்டில் செய்ய வேண்டியவை

பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை, மூக்குப்பொடி எல்லாவற்றையும் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். தைக்கப்போகும் ரத்தக் குழாயின் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். நிகோடின் அதைச் சுருக்கும், சுருங்கினால் ரத்தம் கட்டும். "பீடிய விட்டுட்டேன், வெத்தலையில மட்டும் கொஞ்சம்" என்கிறவர்கள் அதிகம். அதிலும் நிகோடின் உண்டு. வீட்டில் வேறு யாராவது புகைப்பவர் இருந்தால் அவரும் வெளியே போய்த்தான் புகைக்க வேண்டும்.

கால் நகத்தில் மருதாணி வைக்காதீர்கள், நெயில் பாலிஷும் வேண்டாம். ஆபரேஷனுக்குப் பின் விரல் உயிரோடு இருக்கிறதா என்பதை நர்ஸ் நகத்தின் நிறத்தை வைத்துத்தான் பார்ப்பார். மருதாணிச் சிவப்பு நகத்தில் மாதக் கணக்கில் நிற்கும். ஆடி, ஆவணியில் விசேஷங்கள் வரிசையாக வரும்போது இதை மறந்துவிடுவார்கள்.

அப்புறம் வீடு. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் திண்ணை உயரம், நிலைப்படி உயரம், முற்றத்தைச் சுற்றிலும் படிகள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரம் பட்டால் வழுக்கும். ஒரு காலில் கட்டும் ஒரு கையில் கட்டும் போட்டுக்கொண்டு, குதிகாலால் நடக்கிறவருக்கு இது ஆபத்து. முன்கட்டில் கழிப்பறைக்குப் பக்கமாக ஓர் அறையைத் தயார்செய்யுங்கள். குந்தி உட்காரும் கழிப்பறை மட்டும்தான் இருக்கிறது என்றால் மேலே வைக்கும் நாற்காலி ஒன்று வாங்குங்கள். ஊன்றுகோல் பிடிக்கும் கை நல்ல கையாக இருக்க வேண்டும். ஊன்றுகோலோடு முன்கூட்டியே நடந்து பழகுங்கள்.

7. ஆபரேஷன் நாளில் உள்ளே நடப்பது

ஆறு முதல் பத்து மணி நேரம் ஆகலாம். நேரமாவதைப் பார்த்து வெளியே இருப்பவர்கள் பதற வேண்டாம்.

வழக்கமாக இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும்: ஒன்று கையில் குழாய், நரம்பு, தசைநாண்களை (தசையை எலும்போடு இணைக்கும் நார்களை) தேடி எடுக்கும், இன்னொன்று காலில் விரலைப் பிரிக்கும். விரலைக் குழாயோடு மட்டும் தொங்கவிட்டு, ரத்தம் நன்றாகப் பாய்கிறதா என்று சிறிது நேரம் பார்த்துவிட்டுத்தான் வெட்டி எடுப்பார்கள். கையில் முதலில் எலும்பைக் கம்பியால் நிறுத்துவார்கள், பிறகு தசைநாண், நரம்பு, ரத்தக் குழாய். எலும்பு ஆடாமல் நின்றால்தான் தலைமுடியைவிட மெல்லிய நூலால் போட்ட தையல் பிய்யாது. அதுவே இந்த வரிசைக்குக் காரணம்.

8. முதல் மூன்று நாள்: நிறத்தைப் பாருங்கள்

அனுபவமுள்ள இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் விரல் பிழைக்கிறது. தோற்பவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று நாளில்தான் சிக்கலாகும். சீக்கிரம் கண்டுபிடித்து மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனால் அவற்றிலும் பல பிழைக்கும். மணிக்கு ஒரு முறை நர்ஸ் வந்து பார்ப்பார். கூட இருப்பவருக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

நுனியை லேசாக அழுத்திவிட்டால் வெளுத்து, இரண்டு விநாடியில் நிறம் திரும்ப வேண்டும். விரல் வெளுத்து, சில்லென்று, நுனி தளர்ந்து இருந்தால் ரத்தம் உள்ளே வரவில்லை. நீலம் பாய்ந்து, நுனி விம்மி, அழுத்தியதும் ரொம்ப வேகமாக நிறம் திரும்பினால் ரத்தம் வெளியே போகவில்லை. இரண்டுமே உடனே சொல்ல வேண்டியவை. "காலையில ரவுண்ட்ஸ்ல சொல்லலாம்" என்று இருக்கக் கூடாது. நம் தோல் கறுப்பு என்பதால் நகத்தடியைப் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும். ஆபரேஷன் முடிந்ததும், ஒரே வெளிச்சத்தில், செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி.

அறை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிரில் குழாய் சுருங்கும். ஏசி காற்று நேரே படக் கூடாது. காபி, டீ, குளிர்பானம் வேண்டாம் என்று பல மருத்துவமனைகளில் சொல்வார்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து ஊற்றுவதை அன்பாகத் தடுத்துவிடுங்கள். ஊருக்குத் திரும்பும்போதும் இதையே நினைவில் வையுங்கள். ரயிலில் ஏசி பெட்டியில் வருவதானால் கையைக் கம்பளியால் மூடிக்கொள்ளுங்கள்.

9. காலை மறந்துவிடாதீர்கள்

எல்லோர் கண்ணும் கையிலேயே இருக்கும். வீட்டுக்கு வந்தபின் நான் அதிகம் பார்க்கும் சிக்கல் காலில்தான்: தையல் பிரிந்து, புண் ஆறாமல் இழுப்பது. காரணம் ஒன்றுதான், சீக்கிரம் ஊன்றிவிடுவது.

முதல் இரண்டு மூன்று வாரம் பாதத்தின் முன்பக்கம் தரையில் படக் கூடாது. டாக்டர் அனுமதித்ததும் குதிகாலில் நடக்கலாம். உட்காரும்போது காலை நாற்காலி மேல் நீட்டி வையுங்கள். தொங்கவிட்டால் வீங்கும், வீங்கினால் தையல் இழுபடும். வேறு இடத்துத் தோலை எடுத்துப் புண்ணின் மேல் ஒட்டியிருந்தால் இன்னும் அதிக நாள் பொறுமை வேண்டும். வயல் வேலைக்காரர்கள் புண் முழுதாக மூடும் வரை சேற்றில் இறங்கவே கூடாது.

10. கைக்குப் பயிற்சி: எந்த வாரத்தில் எது

இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பயந்துபோய் கையை அசைக்காமலே வைத்திருப்பவர்களுக்குத் தசைநாண் ஒட்டிக்கொள்கிறது. ஆர்வத்தில் இரண்டாம் வாரமே ஸ்பாஞ்சுப் பந்தை அமுக்குகிறவர்களுக்குத் தையல் அறுந்துபோகலாம்.

முதல் மூன்று நான்கு வாரம்: கை ஸ்பிளின்ட்டில் இருக்கும். தோள், முழங்கை, மற்ற விரல்கள் எல்லாவற்றையும் நீங்களே அசைக்கலாம். புதிய விரலைத் தெரபிஸ்ட் மட்டும், டாக்டர் அனுமதித்த அளவுக்கு அசைப்பார்.

நான்காம் வாரத்தை ஒட்டி: நீங்களே மெதுவாக மடக்கி நீட்டத் தொடங்கலாம். கம்பி பொதுவாக நான்கு முதல் ஆறு வாரத்தில், எக்ஸ்ரே பார்த்து எடுக்கப்படும். அதுவரை கம்பி தோலுக்கு வெளியே வரும் இடத்தைச் சுத்தமாக வையுங்கள். சீழோ சிவப்போ தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். இரண்டாம் கால்விரல் வைத்தவர்களுக்கு இரவில் விரலை நீட்டி வைக்கும் ஸ்பிளின்ட் அவசியம், இல்லாவிட்டால் அது மடங்கியே நின்றுவிடும்.

எட்டாம் வாரத்துக்குப் பின், எலும்பு சேர்ந்தது உறுதியானதும்: களிமண், ரப்பர் வளையம், சப்பாத்தி மாவு பிசைவது. கனமான வேலை மூன்று மாதத்துக்கு அப்புறம்.

எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறேன் என்று யார் வந்தாலும், எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், கையைக் கொடுக்காதீர்கள். தழும்பை மென்மையாக அழுத்தித் தேய்ப்பதற்கு என்று ஒரு முறையும் ஒரு நாளும் இருக்கிறது. அதைத் தெரபிஸ்ட் காட்டித் தருவார்.

பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. நான் அதிகம் கொடுப்பது பல்லாங்குழி. புளியங்கொட்டையை அள்ள உள்ளங்கைப் பிடி, ஒவ்வொன்றாகப் போட நுனிப்பிடி, விளையாட்டு முடியும் வரை பொறுமை எல்லாம் அதில் வந்துவிடும். கோலப்பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துச் சீராக விடுவது அதற்கு அடுத்த படி. பிடிப்பதைவிட அளவாக விடுவது கடினம். பழைய வீட்டு நிலைக்கதவின் பெரிய சாவியைத் திருப்புவது பக்கவாட்டுப் பிடிக்கு. பனையோலைக் கொட்டான் பின்னத் தெரிந்தவர்கள் அதையே செய்யலாம். பழகிய வேலை என்பதால் மனம் பயிற்சியை மறந்துவிடும், கை மட்டும் பயிற்சி செய்யும்.

ஒவ்வொரு முறையும் கவனியுங்கள்: கை மறுபடி ஆள்காட்டி விரல், நடுவிரல் பிடிக்கு ஓடுகிறதா? ஓடினால் அந்த இரண்டு விரலையும் பிளாஸ்திரியால் சேர்த்து ஒட்டிவிட்டு வேலையைத் தொடருங்கள்.

11. உணர்வு திரும்பும் வரை சூட்டிலிருந்து காப்பாற்றுங்கள்

நரம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். தைத்த இடத்திலிருந்து நுனி வரை போய்ச் சேரவும், அங்கே வேலை செய்யத் தொடங்கவும் மாதங்கள் பிடிக்கும். வலியும் சூடும் தெரியும் அளவுக்குப் பாதுகாப்பு உணர்வு மூன்று முதல் ஆறு மாதத்தில் வரலாம். நுட்பமான உணர்வு ஒன்றிரண்டு வருடம் வரை மேம்பட்டுக்கொண்டே போகும்.

அதற்கு முன் பெரிய ஆபத்து சமையலறைதான். பணியாரச் சட்டியின் விளிம்பைத் தொட்டாலும் தெரியாது. கொப்புளம் பார்த்தபின்தான் தெரியும். சூடான பாத்திரம், இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் எல்லாவற்றையும் நல்ல கையால் முதலில் சோதியுங்கள். அரிவாள்மனையில் உட்காருவதைத் தள்ளிப் போடுங்கள். தினமும் இரவு நல்ல வெளிச்சத்தில் விரலைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

உணர்வு மெல்ல வரத் தொடங்கியதும் மூளைக்குக் கற்பிக்க வேண்டும். கண்ணைத் திறந்தபடி அரிசியைத் தொட்டு, பின் கண்ணை மூடித் தொடுங்கள். அடுத்து துவரம்பருப்பு, உளுந்து, ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயம். எது என்று கண்ணை மூடிச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்குச் சில முறை, கொஞ்ச நேரம் மட்டும். ஒரே நாளில் மணிக்கணக்காக உட்காருவதால் பலன் இல்லை.

ஆரம்பத்தில் விரலைத் தொட்டால் காலைத் தொட்டது மாதிரி சிலருக்குத் தோன்றும். பயப்பட வேண்டாம், பயன்படுத்தப் பயன்படுத்த அது கைக்கே சொந்தமாகிவிடும். மார்கழிக் குளிரில் விரல் வலிப்பதும் வழக்கம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதல் குளிர்காலம்தான் மோசம்.

12. வேலைக்குத் திரும்பும்போது

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு மூன்று மாதத்தில் போய்விடலாம். கண்டாங்கிச் சேலைத் தறியில் உட்காருகிறவர்களும் மர வேலைக்காரர்களும் இன்னும் காத்திருக்க வேண்டும்; கருவியின் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக்கொண்டு தொடங்குங்கள். பழைய மெஷினுக்கே திரும்பினால், கை போன இடத்தில் காப்பு மூடி போட்டிருக்கிறார்களா என்று பார்த்த பிறகு சுவிட்சைத் தொடுங்கள்.

சிலருக்கு இன்னொரு சிறு ஆபரேஷன் தேவைப்படும்: ஒட்டிக்கொண்ட தசைநாணை விடுவிக்க, இடுக்கை ஆழமாக்க, நுனியின் உருண்டையைக் குறைக்க. முதல் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் தழும்பெல்லாம் மென்மையாகி, பயிற்சியால் இனிக் கிடைக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அதைக் கேட்க வேண்டும்.

ரேஷன் கடையிலும் வங்கியிலும் கைரேகைக்குக் கட்டைவிரலைத்தான் நீட்டச் சொல்வார்கள். ஆதாரில் பத்து விரல்களும் பதிவாகியிருப்பதால் வேறு விரலை வைக்கலாம், கேட்டு வையுங்கள். புதிய விரலின் ரேகை பழைய பதிவோடு பொருந்தாது. பதிவைப் புதுப்பிக்க ஆதார் மையத்துக்குப் போகும்போது, புண் முழுதாக ஆறித் தோல் உரிவது நின்ற பிறகு போங்கள்; டிஸ்சார்ஜ் சீட்டின் நகலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.